கூட வந்த முகில்

திண்டுக்கல்லில் பல் மருத்துவர் ஒருவர் மகளின் பிரசவத்துக்காகக் கனடாவுக்கு விமானம் ஏறியதால்தான் உப்பாந்தீவில் மழை பெய்தது என்று அந்தப் பக்கத்துக் கடலில் வள்ளம் ஓட்டுகிறவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் சம்பந்தம் எல்லாருக்கும் தெரியும், அதன் பெயர் மங்கையர்க்கரசி.

அந்த மருத்துவரிடம் அவள் உதவியாளராக இருந்தாள். "நல்லா வாயைத் திறங்க" என்பதும் "துப்பிக்கங்க" என்பதும்தான் படிப்பு முடிந்ததிலிருந்து அவள் அதிகம் பேசிய பேச்சு. ஊரில் பாதிப் பேருடைய வாய்க்குள் எட்டிப் பார்த்திருந்தாளே தவிர, ஊருக்கு வெளியே அவள் எட்டிப் பார்த்தது பழனியும் கொடைக்கானலும்தான். ஒரு மாதத்துக்குக் கிளினிக்கைப் பூட்டிச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு மருத்துவர் கிளம்பிய அன்று சாயங்காலமே, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க் கடையில் தன் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஆரஞ்சு நிற முதுகுப்பை வாங்கினாள். அதில் ஒரு ஆளையே மடித்து வைக்கலாம் என்றார் கடைக்காரர். அவள் எப்போதோ எடுத்து ஒரு முறையும் பயன்படுத்தாத பாஸ்போர்ட்டையும் ஒரு சின்னக் கூடாரத்தையும் நாலு துணியையும் ஒரு டப்பா பருப்புப்பொடியையும் மடித்து வைத்தாள்.

"தனியா எங்கடி போறே?" என்றாள் அம்மா.

"தீவு பாக்கப் போறேன்மா."

"எந்தத் தீவு?"

"எல்லாத் தீவும்."

நாகப்பட்டினத்தில் கப்பலேறி, யாழ்ப்பாணத்துக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, பஸ் நின்ற இடத்தில் ரோடு முடிந்து கடல் தொடங்குவதைப் பார்த்ததும் அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். யாரோ அவசரத்தில் கொட்டிவிட்டுப் பொறுக்காமல் போன பொரிகடலை மாதிரி அந்தக் கடலெங்கும் தீவுகள் கிடந்தன. துறையில் ஒரு வள்ளம் கிளம்பத் தயாராக நின்றது. அதை ஓட்டிய பஸ்தியான் நாற்பது வயதுக்காரர், பேச்சை நிறுத்தத் தெரியாதவர், அவரை மிஞ்ச வேண்டும் என்பதற்காகவே அந்த வள்ளத்தின் இயந்திரம் அவ்வளவு சத்தம் போடுகிறது என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்.

"எங்க பிள்ளை போகோணும்?"

"இது எங்க போகுதுண்ணே?"

"நண்டுத்தீவுக்கு."

"அப்ப அங்கதான் போகணும்" என்று ஏறிக்கொண்டாள். பஸ்தியான் அந்தப் பதிலை மிகவும் ரசித்து, வழி முழுக்க வள்ளத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

நண்டுத்தீவுத் தேவாலயத்துக்குப் பக்கத்து மணலில் கூடாரம் அடித்துத் தூங்கியவள், விடிந்தபோது கூடாரத்தின் மேல் மழை விழும் சத்தத்தில் எழுந்தாள். வெளியே வந்து பார்த்தால் வானம் துடைத்து வைத்த மாதிரி நீலமாக இருந்தது, பக்கத்தில் உலர்த்திய வலை உலர்ந்தபடியே கிடந்தது, அவளுடைய கூடாரத்துக்கு நேர் மேலே பனைமர உயரத்தில் ஒரு போர்வையளவு மேகம் மட்டும் நின்று பொறுமையாகப் பெய்துகொண்டிருந்தது. அவள் இடப்பக்கம் நடந்தாள், அதுவும் இடப்பக்கம் வந்தது. ஓடிப் பார்த்தாள், அதுவும் கொஞ்சம் மூச்சு வாங்குவது போலக் கலைந்து கூடி ஓடி வந்தது. நனைந்த தலையோடு தேத்தண்ணிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சீனிப் போத்தலை எடுத்து உள்ளே வைத்தார்.

"பிள்ளை, உங்கட முகிலைக் கொஞ்சம் வெளியில விட்டிட்டு வாங்கோ."

"என்னோடது இல்லைங்க. அது சும்மா நிக்குது."

"சும்மா நிக்கிற முகில் எங்க கிடக்கு? ஆரோ ஒராளின்ர முகில்தான். சீனி போடவோ, விடவோ?"

அவ்வளவுதான் நண்டுத்தீவு அதைப் பற்றி ஆச்சரியப்பட்டது. அதற்குப் பிறகு அவர்களுக்கு வேலை வந்துவிட்டது. கன்னியாஸ்திரிகள் அவளைக் கூப்பிட்டுத் தங்கள் செம்பருத்திப் பாத்தி ஓரமாக ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பழச்சாறு கொடுத்தார்கள், துவைத்த துணியைக் கொடியில் போட்டிருந்த பெண்கள் அவள் வரும் தெருவைப் பார்த்து ஒருவருக்கொருவர் குரல் கொடுத்தார்கள், குடத்தோடு வந்தவர்கள் அவளுக்குப் பின்னால் வரிசையாக நடந்து நடந்தே நிரப்பிக்கொண்டார்கள், அப்படி நடக்கும்போது சும்மா நடக்க முடியுமா, எந்த ஊர், அம்மா இருக்கிறாளா, அங்கே மீன் என்ன விலை என்று கேட்டார்கள், அவளும் சொன்னாள், முகிலைப் பார்க்க வந்தவர்கள் அவளைப் பார்க்கத் தொடங்கி, பிறகு முகிலை மறந்துபோய் நனைந்துகொண்டே கதைத்தார்கள். பேசும்போது அவள் பழக்கதோஷத்தில் அவர்களுடைய பற்களையே பார்த்தாள், யாருக்கு எந்தக் கடைவாயில் சொத்தை என்று சொல்லி உப்புநீரில் கொப்பளிக்கச் சொன்னாள், அதனால் இன்னும் பத்துப் பேர் அவளைச் சூழ்ந்து நின்று வாயைத் திறந்து காட்டினார்கள். இரண்டே பகலில் தெருவில் எல்லாரும் அவள் பெயரைச் சுருக்கி "அரசி, அரசி" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். திண்டுக்கல்லில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "நர்சம்மா" என்பார்கள். தெருவில் யாரோ தன் பெயரைக் கத்தும் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஓடிப்போய்க் குதிக்க வேண்டும் போலிருந்தது.

அடுத்து ஆட்டுத்தீவு. பஸ்தியான் தன் வள்ளத்தில் அவளை ஏற்றும்போது முகிலும் வரும் என்பதால் இயந்திரத்துக்கு மேல் தார்ப்பாய் கட்டினார். ஆட்டுத்தீவின் வெள்ளாடுகள் மழை வருகிறது என்று சிதறி ஓடி, பத்தடி தள்ளி வெயிலடிப்பதைக் கண்டு குழம்பி நின்றன. அங்கே ஒரு கல்யாண வீடு. பெண் வீட்டார் கும்பிட்டபடி வந்து, பந்தலுக்குத் தூரமாக நின்றால் புண்ணியமாகப் போகும், சாப்பாடு இருந்த இடத்துக்கு வரும் என்றார்கள். அவள் பனைமரங்கள் அடர்ந்த பனங்கூடலுக்குள் தள்ளிப்போய் நின்று, கைமாறிக் கைமாறி வந்த புரியாணியை நனைந்தபடியே தின்றாள். தாலி ஏறி முடிந்ததும் மணப்பெண் கூறைப்புடவையோடு ஓடி வந்து, "எனக்கும் ஒருக்கா" என்று முகிலுக்குக் கீழே நின்று முகத்தை நிமிர்த்திச் சிரித்தாள், அந்தப் பெண்ணின் பெயரைக்கூட அரசி கேட்டுக்கொள்ளவில்லை, இருவரும் கையைக் கோத்துக்கொண்டு சுற்றினார்கள், பொட்டு வழிந்து மூக்கு வரைக்கும் வந்தது. ஒவ்வொரு தீவிலிருந்தும் கிளம்பும்போது முகில் கொஞ்சம் பெருத்திருந்தது. ஆட்டுத்தீவை விட்டபோது ஒரு வீட்டு முற்றத்தின் அளவு இருந்தது.

"அது என்ன தீவுண்ணே, அந்த வெள்ளையாத் தெரியிறது?"

பஸ்தியான் வள்ளத்தின் மூக்கை வேறு பக்கம் திருப்பினார். பிறகு, "உப்பாந்தீவு. அங்க வேண்டாம் பிள்ளை. போனா உங்களை விடமாட்டினம்" என்றார்.

"ஏன், கெட்டவங்களா?"

"இல்லை, நல்ல சனம். அதுதான் பிரச்சினை."

"நல்ல சனம்னா போவோம்ணே" என்றாள்.

உப்பாந்தீவின் கிணறுகளெல்லாம் கடல்நீராகிப் போயிருந்தன. மழை அந்தத் தீவை மறந்து இரண்டு வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது, குடிக்கிற தண்ணீர் வள்ளத்தில் வந்தது, அந்த வள்ளம் வராத நாளில் இளநீர் வெட்டினார்கள், பிறகு இளநீரும் இல்லாமல் போயிற்று. பாதிக் குடும்பங்கள் கிளம்பிவிட்டன, மீதிப் பேர் அந்தோனியார் திருநாள் முடிந்ததும் கிளம்புவது என்று முடிவெடுத்து, சட்டிபானைகளை வைக்கோல் வைத்துச் சாக்கில் கட்டியிருந்தார்கள். வள்ளம் துறையை நெருங்கியபோது கரையில் நின்றவர்கள் யாரும் அரசியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே பார்த்து, "வாங்கோ, வாங்கோ" என்றார்கள், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

மீன்பிடிச் சங்கத் தலைவர் இராசநாயகம் முன்னால் வந்து, அவளுடைய பையைத் தானே வாங்கிச் சுமந்துகொண்டு, ஊர்த் தொட்டிக்குப் பக்கத்து வீட்டைத் திறந்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து அவள் ஒரு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள், நாலு பேர் அந்த நாற்காலியைத் தூக்கினார்கள், காலையில் தொட்டி மேல், மத்தியானம் பள்ளிக்கூடக் கிணற்றடி, சாயங்காலம் தோட்டங்கள், எந்தத் தோட்டம் முதலில் என்று சண்டை வந்தது, சண்டையைத் தீர்க்க இராசநாயகம் முறை வைத்தார், முறையை மீறி யாரோ நாற்காலியைத் தம் மிளகாய்ப் பாத்திக்குத் திருப்பிக்கொண்டு ஓடியதில் அவள் கவிழ்ந்து விழுந்தாள், விழுந்தவள் சேற்றில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள், தூக்கியவர்களும் சிரித்தார்கள். வாரக்கணக்கில் குளிக்காதவர்கள் குளித்தார்கள். கருகிக் கிடந்த முருங்கை துளிர்த்தது. சாக்கிலிருந்து ஒரு சட்டி, ஒரு பானை என்று வெளியே வந்தது.

அவளுக்குச் சமைத்துப் போட்டவள் றெஜினா. ஐம்பது வயது, உரத்த குரல், ஒரு பக்கக் கன்னத்தைத் துணியால் கட்டியிருந்தாள், அந்தத் துணியோடேயே பேசுவாள், சிரிப்பாள். பிறந்ததிலிருந்து உப்பாந்தீவை விட்டு இறங்கியதில்லை. பயம் என்று சொல்ல முடியாது, ஊரே திருநாளுக்கும் கல்யாணத்துக்கும் வள்ளமேறும்போது வெயிலில் காயும் கருவாட்டுக்குக் காகம் கலைக்க ஒருத்தர் நிற்க வேண்டும், அந்த ஒருத்தர் எப்போதும் றெஜினாதான்.

"அங்க கலியாணப் பொம்பிளை மழையில நிண்டு ஆடினவவோ?" என்று நண்டைச் சட்டியில் போட்டுக்கொண்டே கேட்பாள்.

"ஆமாக்கா. பொட்டெல்லாம் கரைஞ்சு வழிஞ்சிருச்சு."

"பிறகு?"

"பிறகு மாப்பிள்ளையும் வந்தாரு."

"அவரும் நனைஞ்சவரோ? எங்க, முதல்ல இருந்து சொல்லும்."

ஒரே கதையை அவள் திருப்பித் திருப்பிக் கேட்டாள், கேட்கும்போது அவள் கண் அரசியின் முகத்தில் இருக்காது, மூலையில் சாய்த்து வைத்திருந்த ஆரஞ்சுப் பையின் மேல் இருக்கும்.

கிளம்பலாம் என்று அரசி நினைத்த நாளிலிருந்துதான் வள்ளங்களுக்கு நோய் வந்தது. ஒருவருக்கு எண்ணெய் இல்லை, ஒருவருக்குக் காற்று சரியில்லை, ஒருவருக்கு நாள் சரியில்லை. மழை கிடைத்ததால் தண்ணீர் வள்ளத்தை வரவேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்கள். பஸ்தியானின் இயந்திரத்திலிருந்து ஒரு பாகம் காணாமல் போயிற்று. ஊரே சேர்ந்து தேடியது. எடுத்தவரும் சேர்ந்து தேடினார்.

"பிள்ளை, உங்களைப் பிடிச்சு வைச்சிருக்கிறம் எண்டு நினைக்கக் கூடாது" என்றார் இராசநாயகம்.

"பின்ன இதுக்கு என்ன பேரு சார்?"

அவர் தன் கையைப் பார்த்தார். "கெஞ்சிறம்" என்றார்.

அதற்கு மேல் அவளால் கோபப்பட முடியவில்லை. அப்படி ஒரே இடத்தில் அவள் உட்கார்ந்திருக்க, முகில் இளைக்கத் தொடங்கியது. முற்றத்தளவு இருந்தது பாயளவு ஆயிற்று, துவாயளவு ஆயிற்று, தொட்டியில் விழும் சத்தம் குறைந்து சொட்டுக் கணக்காயிற்று. ஊர் பயந்துபோனது. அவளுக்குச் சாப்பாடு பத்தவில்லையோ என்று கணவாய்க் கறியும் இறாலும் புட்டும் பாற்சோறும் வந்தன, நாற்காலியைக் கிழக்கே திருப்பினார்கள், மேற்கே திருப்பினார்கள், பாதிரியார் வந்து முகிலுக்குத் தீர்த்தம் தெளிக்க முயன்றார், எட்டவில்லை, ஏணி கொண்டுவந்தார்கள். முகில் கைக்குட்டையளவு சுருங்கி, ஊதினால் போய்விடும் போல அவள் உச்சிக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டிபானைகள் திரும்பவும் சாக்குக்குள் போயின.

அந்த நேரத்தில்தான் றெஜினாவின் கன்னம் ஒரு காலையில் தேங்காயளவு வீங்கியது. கண் மூடிக்கொண்டுவிட்டது, உடம்பு அடுப்பு மாதிரிக் கொதித்தது, அப்போதும் கருவாட்டுக்குக் காவல் இருக்க எழுந்தவளை அரசி பிடித்து வெயிலில் உட்காரவைத்தாள்.

"நல்லா வாயைத் திறங்கக்கா."

திறந்து பார்த்தாள். பிறகு எழுந்து நேராக இராசநாயகத்தின் வீட்டுக்குப் போனாள்.

"சீழ் பிடிச்சு உள்ள இறங்குது சார். பல்லை எடுத்தே ஆகணும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். இன்னைக்கே. இல்லன்னா உயிருக்கே ஆபத்து."

"வள்ளம் பழுதாக் கிடக்குதே பிள்ளை."

"வள்ளம் சரியாயிரும் சார். நான் போகல. நான் இங்கயே இருக்கேன், நாற்காலியிலயே உட்கார்ந்திருக்கேன். அவங்களை மட்டும் அனுப்புங்க."

இராசநாயகம் சட்டைப் பைக்குள் கையை விட்டு, துணியில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்த இயந்திரப் பாகத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். அங்கே நின்றவர்கள் யாரும் எதுவும் பார்க்காத மாதிரி நின்றார்கள்.

றெஜினாதான் வர மாட்டேன் என்று அழுதாள். "கருவாட்டை ஆர் பாக்கிறது? நான் ஒரு நாளும் போனதில்லை, எனக்குப் போகத் தெரியாது" என்றாள்.

"போறதுக்கு என்னக்கா தெரியணும்? ஏறி உட்காருங்க, அது போகும். காகத்தை நான் பாத்துக்கிறேன்."

மாற்றுத் துணியும் ஒரு போர்வையும் அந்தப் பெரிய பையில் வைத்து, அரசி அதைத் தூக்கி றெஜினாவின் முதுகில் மாட்டி, வார்களை இழுத்து நெஞ்சுக்கு முன்னால் கொளுவினாள். றெஜினா வள்ளத்தின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பஸ்தியான் இயந்திரத்தை இழுத்தார். வள்ளம் துறையை விட்டு நகர்ந்து, முதல் அலையில் மூக்கைத் தூக்கியபோது, வீங்கிய கன்னத்துக்கு மேலே இருந்த அவளுடைய ஒற்றைக் கண் அகலமாகத் திறந்தது, அரசிக்கு நன்றாகத் தெரியும், அது பயத்தில் திறந்த கண் இல்லை. அந்த நொடியில் அரசியின் தலைக்கு மேலிருந்த கைக்குட்டை முகில் அசைந்தது. ஒரு சுற்றுச் சுற்றிக் கொஞ்சம் யோசித்த மாதிரி நின்றது. பிறகு கடலின் மேல் ஏறி, வள்ளத்தின் பின்னால் போய்விட்டது.

இராசநாயகம் மணலில் அப்படியே உட்கார்ந்தார்.

அன்றைக்கு மறுநாள் வரவேண்டிய றெஜினா வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தொட்டியில் தண்ணீர் இறங்க இறங்க அளந்து ஊற்றினார்கள், அரசிக்கும் எல்லாரையும் போல அதே அளவு. நாற்காலியை யாரும் தூக்கவில்லை. ஆஸ்பத்திரியில் செத்திருப்பாள் என்றார்கள் சிலர், வள்ளம் கவிழ்ந்திருக்கும் என்றார்கள் சிலர், முகிலைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டாள் என்று ஒருத்தி சொன்னாள், அதற்கு மட்டும் எல்லாரும் சேர்ந்து அவளை ஏசினார்கள். தண்ணீர் வள்ளம் திரும்பவும் வந்தபோது அதை ஓட்டியவர் அரசியைப் பார்த்து, "வாறியளோ பிள்ளை, இடம் கிடக்கு" என்றார். இப்போது அவளைத் தடுக்க ஒரு ஆள் இல்லை. அவளுக்குப் போக வேண்டும் என்று இருந்தது, இன்னும் எத்தனையோ தீவு பாக்கி, கால் தானாகவே தண்ணீரில் இறங்கி ஒரு முறை நனைந்துகூட விட்டது.

"இல்லண்ணே. எங்கக்கா வரணும்" என்று திரும்பி நடந்தாள்.

கருவாட்டு மணலில் நீளமான தடியோடு அவள் நின்றாள். காகங்கள் அவளைப் புதிது என்று கண்டுகொண்டு இரண்டு பக்கமாகப் பிரிந்து வந்தன, ஒரு பக்கம் கலைத்தால் மறுபக்கம் இறங்கின. கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்தில் யாரோ கல்லெறியும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். இராசநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்கள் போயிருக்கலாம்" என்றார்.

"போயிருக்கலாம் சார். அந்தப் பக்கம் ஒண்ணு இறங்குது, பாருங்க."

அதன் பிறகு இருவரும் தினமும் சேர்ந்தே காகம் கலைத்தார்கள், அதிகம் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் ஒரு நாள் அவர் கடைவாயை விரலால் தொட்டுக் காட்டி, இங்கே சில நேரம் கூசுகிறது என்றார், அவள் பார்த்துச் சொன்னாள்.

தொட்டியின் அடி தெரிந்த அன்று மத்தியானம் திடீரென்று நிழல் விழுந்தது. காகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பறந்துபோய்ப் பனங்கூடலில் அடங்கின. வடக்கே கடல் கறுத்து வந்தது, புயல் என்று கத்திக்கொண்டு வள்ளங்களைக் கரைக்கு இழுக்க எல்லாரும் ஓடினார்கள், ஓடியவர்கள் பாதியில் நின்றார்கள், ஏனென்றால் கிழக்கிலிருந்து மேற்கு வரைக்கும் யானைக் கூட்டம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு வந்த அந்தக் கறுப்புக்கு முன்னால், மிகச் சின்னதாக, ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி வளர்ந்து பையாயிற்று, பைக்கு முன்னால் ஒரு ஆள், வள்ளத்தின் மூக்கில் ஒரு காலைத் தூக்கி வைத்து நின்றுகொண்டு, இரண்டு கையையும் வாயில் குவித்து எதையோ கத்திக்கொண்டு வந்தாள் றெஜினா. இடிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வள்ளம் மணலைத் தொட்டதும் கேட்டது.

"பல்லுப் புடுங்கினது முதல் நாள்! மற்ற நாளெல்லாம் நான் சும்மா திரிஞ்சனான்!"

அப்போது மழை இறங்கியது. தீவு முழுக்க, ஒரு முழம் மணல்கூட விடாமல், கூரையில், கிணற்றில், சாக்கு மூட்டையில், திறந்த வாய்களில் இறங்கியது. ஆட்கள் தெருவில் மல்லாந்து படுத்தார்கள். றெஜினா அந்த மழையில் அரசியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பல் போன ஓட்டை தெரிய நிறுத்தாமல் பேசினாள். ரயிலைப் பார்த்தாளாம், பார்த்தால் போதுமா என்று ஏறி அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போனாளாம், இறங்க மனசு வராமல் அதற்கடுத்த ஸ்டேஷனுக்கும் போனாளாம், புண் ஆறவேண்டும் என்று டாக்டர் ஐஸ்கிறீம் சாப்பிடச் சொன்னாராம், அதனால் எல்லாக் கடையிலும் சாப்பிட்டாளாம், ஆட்டுத்தீவில் அந்தக் கலியாணப் பொம்பிளையைத் தேடிப் பிடித்துவிட்டாளாம், அந்தப் பெண்ணின் பெயர் வதனாவாம், இரண்டு நாள் அவர்கள் வீட்டில்தான் இருந்தாளாம்.

"அவள் உம்மைக் கேட்டவள் அரசி! உம்மட பேர் அவளுக்குத் தெரியாதெல்லே, 'அந்த மழைக்காரி எங்கை' எண்டு கேட்டவள். நான் சொன்னன், இப்ப நான்தான் மழைக்காரி எண்டு."

"நான் திரும்புவம், திரும்புவம் எண்டு சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனன்" என்றார் பஸ்தியான், வள்ளத்திலிருந்த தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டு. "இந்த மனுசி கேட்டால்தானே. இன்னும் ஒரு தீவு, இன்னும் ஒரு தீவு. என்ர வாழ்க்கையில என்னைப் பேச விடாமல் கதைச்ச ஆள் இவதான்."

அந்த மழை கிணறுகளின் உப்பைக் கழுவி முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தது. ஊர்க்கூட்டம் ஒன்றும் போடவில்லை, யாரும் யாருக்கும் விளக்கவும் இல்லை, ஆனால் மழை விட்ட மறுநாள் அரிசிச் சாக்கில் தோள்வார் தைக்கும் சத்தம் வீடு வீடாகக் கேட்டது. ஊரை விட்டே போவதற்குக் கட்டிய மூட்டைகளைப் பிரித்து, போய்விட்டு வருவதற்கு மூட்டை கட்டினார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் கிளம்பினார், சிலர் பக்கத்துத் தீவுக்கு, சிலர் பஸ் போகிற தூரம், சிலர் ரயில் போகிற தூரம், திரும்பி வரும்போது ஆளுக்கொரு முகில் கூட வந்தது, நிறையச் சிநேகிதம் பிடித்தவர்களுக்குப் பெரிதாக, போன இடத்தில் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டே இருந்த ஒருவருக்கு வெறும் மூடுபனியாக. இராசநாயகம் நண்டுத்தீவு வரைக்கும் போனார். போகும்போதும் வரும்போதும் வாந்தி எடுத்தார், தேத்தண்ணிக் கடைக்காரரோடு அரசியலில் சண்டை பிடித்து, பிறகு அவர் வீட்டிலேயே சாப்பிட்டார், சட்டி மூடியளவு ஒரு முகிலோடு வந்து இறங்கினார். அதை யாருக்கும் இரவல் கொடுக்கவில்லை. தன் வீட்டு வாசலில் இருந்த ஒரே ஒரு எலுமிச்சைக் கன்றுக்கு மேல் அதை நிறுத்தி, வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார்.

மருத்துவர் திரும்பி வருகிற நாள் நெருங்கியது. கிளம்புகிறேன் என்று அரசி சொன்னபோது உப்பாந்தீவின் எல்லா வள்ளங்களும் ஒரே நேரத்தில் நல்ல நிலையில் இருந்தன, யார் கொண்டுபோய் விடுவது என்று சண்டை வந்தது, கடைசியில் எல்லாருமே வந்தார்கள். துறையில் பார்த்தால் றெஜினா நின்றாள், முதுகில் சாக்குப் பை, காலில் புதுச் செருப்பு, கையில், ரயிலேறித் திரிந்தபோதே எழுதிக் கொடுத்து நேற்று வந்து சேர்ந்த பாஸ்போர்ட்.

"அக்கா, நீங்க எங்க?"

"திண்டுக்கல்லில கடல் இல்லை எண்டு சொன்னனீர். மெய்யோ?"

"மெய்தான். பக்கத்துல எங்கயுமே இல்ல."

"அப்ப நான் பாக்கோணும்."

கப்பலின் மேல்தளத்தில் இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு மேலே ஒரு முகில் நின்றது, யாருடையது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. பக்கத்தில் நின்ற பயணிகள் குடையை விரித்துக்கொண்டு, எங்கே போகிறீர்கள் என்று பேச்சுக் கொடுத்தார்கள். காற்று றெஜினாவின் வார்த்தைகளைப் பிடுங்கிக்கொண்டு போனதால் அவள் கத்திக் கேட்டாள்.

"கடல் இல்லாத ஊரில பின்னேரத்தில ஆக்கள் எதைப் பாத்துக்கொண்டு நிக்கிறவை?"

அரசி யோசித்தாள். "மலை இருக்குக்கா. மலையைப் பாப்போம்."

"மலை என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது. அப்படியே நிக்கும்."

"ஒரு அசைவும் இல்லையோ?"

"ஒரு அசைவும் இல்ல."

றெஜினா வாயைத் திறந்தபடி அதை நினைத்துப் பார்த்தாள், உருண்டு வந்து கரையில் உடையாத, ஏறாத, இறங்காத, காலையில் விட்ட இடத்திலேயே மாலையிலும் இருக்கிற ஒன்றை, பிறகு அரசியின் தோளைப் பிடித்து உலுக்கி, மழையில் நனைந்துகொண்டே, கப்பல் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"ஐயோ, கப்பலைக் கெதியாப் போகச் சொல்லும்!"